மீன்தொட்டிக்குக் கடல் மணல்

மூன்றடித் தொட்டியில் கடல் மணல் போட்டு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியாயிற்று. தண்ணீர் தெளிவாக நிற்கிறது, மீன் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது. ஆனால் எந்த மீனுக்காக மணலைச் சுமந்துகொண்டு வந்தேனோ அது இப்போது அந்தத் தொட்டியில் இல்லை. அது ஏன் என்பதுதான் இந்தப் பதிவில் பாதி. மீதி, சலிப்பதும் கழுவுவதும் அளப்பதும்.

தொட்டி 36 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். மணலும் கல்லும் போக 85 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நியான் டெட்ரா ஒரு கூட்டமும், அடியில் மேய்கிற கோரிடோராஸ் ஆறும் இருந்தன. தரையில் கடைக்காரர் கொடுத்த வெள்ளைக் கூழாங்கல், ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. கோரிடோராஸ் மணலை வாயில் அள்ளி, தின்பதைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடுகிற மீன். கல்லில் அந்த வேலை நடக்காது. கல்லின் முனையும் இடுக்கில் சேர்ந்த அழுக்கும் சேர்ந்து அவற்றின் மீசையைப் பாதியாக்கிவிட்டன. மணல் வேண்டும் என்று ஆனது.

மணலில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்த்தேன். ஆற்று மணல் விற்கிற விலைக்கு வீடு கட்டுகிறவர்களே வாங்க யோசிக்கிறார்கள். எம்-சாண்ட் உடைத்த பாறை, முனை எல்லாம் கத்தி, அடியில் மேய்கிற மீனுக்கு ஆகாது. மீன் கடையில் பாக்கெட் மணல் கிலோ 50 ரூபாய். என் தொட்டிக்கு 4 சென்டிமீட்டர் உயரம் போட 11 லிட்டர் மணல் வேண்டும், எடைக் கணக்கில் 17, 18 கிலோ. 900 ரூபாய் கொடுத்து மண் வாங்க மனசு வரவில்லை. கடற்கரை ஊர்க்காரனுக்கு மண்ணுக்கா பஞ்சம்?

பஞ்சம் இல்லைதான். ஆனால் கரையில் போய் வாளியில் அள்ளிக்கொண்டு வருவது சரியல்ல. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கரையில் மணல் அள்ளுவதைத் தடுக்கிறது. ஒரு வாளிக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்று சொல்வார்கள். இருந்தாலும் நம் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டை வைக்கும் மணல் அது. மன்னார் வளைகுடாப் பக்கம் என்றால் பேச்சே வேண்டாம், அங்கே 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளத் துண்டு ஒன்றைப் பையில் போட்டாலும் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி மாதிரி கறுப்பு மணல் கரைகளில் மோனசைட் இருக்கிறது, அதில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள் இல்லை அது.

எனக்குக் கிடைத்தது வேறு வழி. மரக்காணம் பக்கம் சித்தி வீடு. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்புதான். கோடைக்காலக் கடல்காற்று கரை மணலை வாரிக்கொண்டு வந்து சுற்றுச்சுவர் மூலையில் குவித்துவிடும். கதவு திறக்க முடியாமல் போகிறது என்று சித்தி வருஷா வருஷம் ஆள் வைத்து அதை அள்ளித் தென்னை அடியில் கொட்டுவார். அந்தக் குவியலில்தான் கை வைத்தேன். இதில் இரண்டு லாபம். காற்று தூக்கி வந்த மணல் என்பதால் பெரிய கிளிஞ்சலும் கல்லும் கரையிலேயே தங்கிவிட்டன, மணல் ஒரே அளவாக இருந்தது. அப்புறம், ஒரு மழைக்காலம் நனைந்த குவியல், உப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருந்தது. நஷ்டமும் உண்டு: சவுக்கு முள், ஆட்டுப் புழுக்கை, சிகரெட் துண்டு, ஷாம்பு பாக்கெட் எல்லாம் கலந்து கிடந்தது.

"மண்ணப் போயி மெட்ராஸுக்கு மூட்ட கட்டுறான் பாரு" என்று சித்தி சிரித்தார். சிரித்துவிட்டு, வேலையில் முக்கியமான பாடத்தை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்கு வருகிறேன்.

முதலில் சலிப்பு. இரண்டு சல்லடை. மேலே ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை, மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தது. இதில் முள், புழுக்கை, கிளிஞ்சல் துண்டு எல்லாம் நின்றுவிடும். கீழே மாவு சல்லடை. இதில் தங்குவதுதான் எனக்கு வேண்டிய மணல் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பார்த்தால் காற்று மணலில் கிட்டத்தட்ட எல்லாமே மாவு சல்லடையைத் தாண்டி ஓடுகிறது. வலைக்கும் சல்லடைக்கும் நடுவில் தங்கியது கால் பங்கு கூட இல்லை, அதிலும் பாதி கிளிஞ்சல் நொறுங்கல். ஆக மாவு சல்லடையைத் தலைகீழாகப் பயன்படுத்தினேன்: தங்கியதைத் தூர எறிந்தேன், விழுந்ததை வைத்துக்கொண்டேன். மணல் ஈரமாக இருந்தால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும். வெயில் ஏறின பிறகு சலித்தால் அரை மணி நேரத்தில் ஒரு மூட்டை முடிகிறது, காலையில் அதே வேலை மூன்று மடங்கு நேரம் எடுக்கிறது.

அடுத்து காந்தம். பழைய ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் உள்ளே பிறை வடிவில் இரண்டு காந்தம் இருக்கும், சின்னதுதான், ஆனால் விரலை நசுக்கும் வலு. அதை ஒரு பாலித்தீன் கவருக்குள் போட்டுக் காய்ந்த மணலில் கோடு இழுத்தேன். கவர் முழுக்கக் கறுப்பாக முளைத்துவிட்டது. இல்மனைட், மேக்னடைட் என்கிற இரும்பு கலந்த கறுப்புத் தாதுக்கள், கூடவே கொஞ்சம் கார்னெட் சிவப்பு. கவரைப் புரட்டிவிட்டால் அத்தனையும் கழன்று விழும், காந்தம் சுத்தமாகக் கையில் நிற்கும். கவர் இல்லாமல் செய்தால் காந்தத்திலிருந்து அந்தப் பொடியை எடுக்கவே முடியாது. இதை எல்லா மணலுக்கும் செய்யவில்லை, மாதிரிக்குக் கொஞ்சம் பார்த்துவிட்டு, கறுப்பு மணல் மீனை ஒன்றும் செய்யாது என்று விட்டுவிட்டேன். மீனை ஒன்றும் செய்யவில்லை. மோட்டாரைச் செய்தது. அது பின்னால்.

பிறகு வினிகர் சோதனை. மணலில் கிளிஞ்சல் இருந்தால் வினிகர் பட்டதும் நுரைக்கும்; கிளிஞ்சல் இருந்தால் தண்ணீரின் பி.எச். ஏறும், கடினத்தன்மை ஏறும். ஒரு டம்ளரில் மணல் எடுத்து வினிகர் ஊற்றினேன். அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மணலில் ஈரம் இருந்தது, வினிகரும் கடை வினிகர், நாலைந்து சதவீதம்தான் அமிலம். பரவாயில்லை ரகம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு அரிசிச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினேன். சிமெண்ட் சாக்கு வேண்டாம்; எவ்வளவு உதறினாலும் தையலில் சிமெண்ட் இருக்கும், அதுவும் பி.எச். ஏற்றும்.

ஏற்றுவதற்கு முன்னால் சித்தி வீட்டு அடிபம்பில் ஒரு வாளி கழுவிப் பார்த்தேன். கையை விட்டுக் கலக்கி, கலங்கல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி கலக்கி. வாளி அடியில் மணலோடு கிளிஞ்சல் சீவலும் அப்படியே இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த சித்தி பொறுக்க முடியாமல் வாளியைப் பிடுங்கினார். "அரிசி அரிக்கத் தெரியாதாடா உனக்கு?" அகலமான அலுமினியத் தாம்பாளம் ஒன்றை எடுத்து, இரண்டு கை மணல் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு விளிம்பைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டினார். ரேஷன் அரிசியில் கல் அரிப்பது இப்படித்தான். மூன்று ஆட்டில் மணல் தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. தாம்பாளத்தின் தாழ்ந்த ஓரத்தில் கறுப்பு மணல் பிறை மாதிரி படிந்தது, அதற்கு மேல் வெளிர் மணல், எல்லாவற்றுக்கும் மேலே கிளிஞ்சல் சீவல் தட்டையாக மிதந்து ஓரம் வழியாகத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. சீவல் மணலை விடக் கனம்தான், ஆனால் தட்டை என்பதால் தண்ணீர் அதைத் தூக்கிக்கொள்கிறது. நடு மணலைக் கையால் வழித்து எடுத்துக்கொண்டால் கறுப்பும் போயிற்று, சீவலும் போயிற்று.

ஒரு தாம்பாளத்துக்கு ஒரு கிலோ மணல் தேறும். எல்லாவற்றையும் அப்படி அரிக்கப் பொறுமை இல்லை. பாதியைத்தான் அரித்தேன், மீதியை வாளியில் கழுவிக்கொள்ளலாம் என்று சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும். ஆர்.ஓ. சர்வீஸ்காரர் பையில் வைத்திருக்கும் பேனா மாதிரி கருவி, 350 ரூபாய். வீட்டுப் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் 640 காட்டியது. 20 லிட்டர் வாளியில் கால் பங்கு மணல் போட்டு, மீதிக்குத் தண்ணீர் பிடித்து, கலக்கிப் பத்து நிமிஷம் விட்டு அளந்தால் 1,480. மழையில் நனைந்த மணலுக்கே இவ்வளவு. ஒப்பிட்டுப் பார்க்க அலை தொடுகிற இடத்து ஈர மணல் ஒரு கப் கொண்டுவந்திருந்தேன், அதை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டதும் மீட்டர் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு கழுவலுக்கும் எண் பெரிதாகக் குறையும்: ஆயிரத்துக்குக் கீழ் வரும், எழுநூற்றைத் தொடும், அப்புறம் குழாய்த் தண்ணீர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நின்றதும் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் அளந்தால் 30, 40 ஏறியிருக்கும், மணல் இடுக்கில் இருந்த உப்பு மெதுவாக வெளியே வருகிறது. அதையும் கொட்டிவிட்டு, இரவு ஊறலுக்குப் பிறகும் 10க்கு மேல் ஏறாமல் இருந்தால் சரி.

கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு. கழிப்பறைக்கு ஊற்றலாம், ஆனால் தெளிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும். குளியலறை ஜாலி வழியாக மணல் போனால் ட்ராப்பில் உட்கார்ந்துகொள்ளும், பிளம்பர் வந்து எடுக்கிற கூலிக்குப் பாக்கெட் மணலே வாங்கியிருக்கலாம்.

மாடியில் தார்ப்பாய் விரித்து மணலைக் காயப்போட்டேன். அது தேவையில்லாத வேலை. ஈர மணலையே தொட்டியில் போடலாம், இன்னும் சொன்னால் ஈர மணல்தான் நல்லது. காய்ந்த மணலுக்குள் காற்று மாட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டதும் குமிழி குமிழியாகக் கிளம்பி மறுபடி கலக்கும். காய்ந்த மணல் எடை போடுவதற்கு மட்டும் உதவியது.

தொட்டி மாற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீனையும் பாதிப் பழைய தண்ணீரையும் பெரிய டப்பில் மாற்றி, பழைய ஸ்பாஞ்சு ஃபில்டரை அங்கேயே ஓடவிட்டேன். ஃபில்டரைக் கழுவக்கூடாது, அதில்தான் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் பாக்டீரியா இருக்கிறது. கல்லை அள்ளினதும் அடியில் வந்த கறுப்புச் சேற்றைப் பார்த்து கோரிடோராஸிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. மணலைக் கப்பில் மொண்டு, தொட்டித் தரையில் கவிழ்த்து, கையால் நிரவினேன். முன்பக்கம் 3 சென்டிமீட்டர், பின்பக்கம் 5. மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீர் மெதுவாக விழும்படி குழாயைப் பிடித்தால் மணல் கலையாது. அவ்வளவு கழுவியும் தண்ணீர் மோர் நிறத்தில்தான் இருந்தது. ஃபில்டரில் தலையணைப் பஞ்சு வைத்ததும் மறுநாள் மாலைக்குள் தெளிந்தது. கோரிடோராஸ் ஆறும் உள்ளே விட்ட கொஞ்ச நேரத்திலேயே கண் வரைக்கும் மணலில் புதைந்துகொண்டு மேய ஆரம்பித்தன.

அந்த வார இறுதியிலேயே மோட்டார் சத்தம் போட்டது. மூலையில் ஒட்டியிருக்கும் உள் ஃபில்டர், அடி மணலுக்கு இரண்டு அங்குலம் மேலே உறிஞ்சுகிறது. கழற்றி, உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரை இழுத்ததும் விஷயம் புரிந்தது. இம்பெல்லரின் அடிப்பகுதி ஒரு உருளைக் காந்தம். அதைச் சுற்றிக் கறுப்பு மணல் பூனை ரோமம் மாதிரி நிமிர்ந்து நின்றது. கலங்கல் நேரத்தில் உள்ளே வந்த இல்மனைட், மேக்னடைட் துகள் ஒன்று விடாமல் அங்கே ஒட்டிக்கொண்டு, சுற்றும்போது உள்சுவரை அரைத்திருக்கிறது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலும் போகவில்லை. செல்லோ டேப்பைச் சுற்றி ஒட்டி உரித்தால்தான் வந்தது. சுவரில் கீறல் விழுந்துவிட்டது, புது இம்பெல்லர் 160 ரூபாய். அதன் பிறகு உள் ஃபில்டரை ஓரம் கட்டிவிட்டு, 180 ரூபாய்க்கு ஏர் பம்ப்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்சு ஒன்று போட்டேன். அதில் காந்தமும் இல்லை, சுற்றுகிற பாகமும் இல்லை. இதே காரணத்துக்காகக் கண்ணாடி துடைக்கும் காந்தப் பிரஷ்ஷையும் இந்தத் தொட்டிக்குள் விடுவதில்லை. அடி வரை இறக்கினால் கறுப்பு மணலைப் பொறுக்கிக்கொண்டு மேலே வரும், கண்ணாடி முழுக்கக் கோடு. பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டுகிறேன்.

இனி பி.எச். விவகாரம். டெட்ராவுக்காகப் போர் தண்ணீரோடு ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவது என் வழக்கம். கல் இருந்த காலத்தில் சொட்டு மருந்து சோதனையில் பி.எச். 7.2 சுற்றி நிற்கும். மணல் போட்ட பிறகு தண்ணீர் மாற்றிய அன்று 7.4, அந்த வாரம் முடிவதற்குள் 8.2. மறுபடி 25 லிட்டர் மாற்றினால் மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். ஆர்.ஓ. பங்கைக் கூட்டினேன். இன்னும் வேகமாக ஏறியது. டெட்ராக்கள் நிறம் மங்கி, நாலைந்து செத்தன. பி.எச். கூடுதலாக இருந்ததை விட, வாரா வாரம் ஏறி இறங்கியதுதான் அவற்றைக் கொன்றது என்பது என் கணிப்பு.

ஊறுகாய் பாட்டில் இரண்டு எடுத்து, இரண்டிலும் அதே மணல் மூன்று விரல் உயரம் போட்டேன். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. ஏர் பம்ப்புக் குழாயை இரண்டுக்கும் பிரித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து போர் தண்ணீர் பாட்டிலில் டி.டி.எஸ். 640 என்பது 650 கூட ஆகவில்லை, கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) நகரவே இல்லை. ஆர்.ஓ. பாட்டிலில் 45 என்பது 100 ஆகிவிட்டது, கே.எச். 1லிருந்து 4, பி.எச். 6.8லிருந்து 8.1. போர் தண்ணீர் ஏற்கெனவே சுண்ணாம்பு குடித்து வயிறு நிரம்பிய தண்ணீர், அதற்கு மேல் கிளிஞ்சலைக் கரைக்க இடமில்லை. ஆர்.ஓ. தண்ணீர் பசியோடு வருகிறது, கிளிஞ்சலைக் கண்டதும் தின்கிறது. நான் காசு கொடுத்து ஒரு பக்கம் சுண்ணாம்பை எடுக்க, மணல் இலவசமாக மறுபக்கம் போட்டுக்கொண்டிருந்தது.

மணலில் எவ்வளவு கிளிஞ்சல் என்று தெரிந்துகொள்ள வினிகரை விட்டுவிட்டு பாத்ரூம் ஆசிட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து. காய்ந்த மணல் 100 கிராம், கண்ணாடி ஜாடியில் முதலில் தண்ணீர், அதன் மேல் ஆசிட் கொஞ்சம் கொஞ்சமாக. வினிகருக்கு அசைந்துகொடுக்காத மணல் சோடா உடைத்த மாதிரி பொங்கியது. குமிழி நின்ற பிறகு கழுவி, காயவைத்து, எடை போட்டால் 94 கிராம். ஆறு சதவீதம். தொட்டியில் கிடக்கும் 18 கிலோவுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கிளிஞ்சல் மாவு.

கரைந்து தீர்ந்துவிடாதா என்று கணக்குப் போட்டேன். வாரம் 25 லிட்டர் மாற்றினால் அதிகம் போனால் மூன்று நான்கு கிராம் கரையும். ஒரு கிலோ தீர ஐந்து வருஷம் ஆகும். சரி, ஆசிட்டில் மொத்த மணலையும் போட்டு எடுத்துவிடலாமா? பத்து சதவீத ஆசிட் என்று வைத்தால் எட்டு லிட்டர் வேண்டும், அந்தப் புகை, அந்தக் கழிவு, அதற்கப்புறம் மறுபடி நாள் கணக்கில் கழுவல். அரித்து எடுத்த பாதி மணலில் மாதிரி எடுத்துத் தனியாகப் பார்த்தேன்: அது மூன்று சதவீதத்துக்குள் இருந்தது. சித்தி கையில் முழு மணலையும் கொடுத்திருந்தால் பாதிச் சிக்கல் குறைந்திருக்கும். ஆனாலும் தீர்ந்திருக்காது. ஆர்.ஓ. தண்ணீருக்கு மூன்று சதவீதமே விருந்து.

ஆக மணலை மாற்றுவதா, மீனை மாற்றுவதா? கிளிஞ்சல் மணலோடு மல்லுக்கு நிற்பதை விட, அந்த மணலையும் என் போர் தண்ணீரையும் சொந்த வீடாக நினைக்கிற மீனைத் தேடுவது சுலபம். டெட்ராவையும் கோரிடோராஸையும் இரண்டடித் தொட்டிக்கு மாற்றி, அதற்குத் தண்ணீர் சுத்திகரிப்புச் சாமான் விற்கிற கடையில் ஃபில்டர் மணல் 25 கிலோ மூட்டை வாங்கிப் போட்டேன். 380 ரூபாய். ஆசிட் விட்டால் ஒரு குமிழி கிடையாது, சுத்தக் குவார்ட்ஸ்.

கடல் மணல் தொட்டிக்கு ஆரஞ்சு குரோமைடு. சென்னை கொளத்தூரில் ஜோடியாக வளர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியா, இலங்கை முகத்துவாரங்களிலும் காயல்களிலும் இருக்கும் நம்மூர் மீன். கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள், அங்கே மாநில மீனான கரிமீனுக்குச் சின்ன உறவு. நல்ல தண்ணீரும் ஒன்றுதான், உப்பு கலந்த தண்ணீரும் ஒன்றுதான் அதற்கு. கூட நாலு கறுப்பு மோலி. ஆர்.ஓ. கலப்பதை நிறுத்தி, போர் தண்ணீரை மட்டும் ஒரு நாள் வெளியே வைத்து ஊற்றுகிறேன். பி.எச். 8.2, எப்போது அளந்தாலும் 8.2.

குரோமைடு வந்ததும் மணலின் அருமை தெரிந்தது. ஜோடி சேர்ந்ததும் ஒரு தட்டைக் கல்லின் சரிவில் முட்டை வைத்தன, இரண்டும் மாறி மாறிச் செவுள் பக்கச் சிறகால் விசிறின. முட்டை பொரிப்பதற்கு முன்பே மணலில் பள்ளம் பறிக்கத் தொடங்கிவிட்டன. வாய் நிறைய மணலை அள்ளி, ஒரு அடி தள்ளிப் போய்த் துப்பும். சில பள்ளம் கண்ணாடி தெரிகிற ஆழம். பொரித்த குஞ்சுகளை வாயில் கவ்விக் கவ்வி ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் மோதி மோதி அந்தச் சளியைத் தின்கின்றன. கூழாங்கல்லில் இதெல்லாம் நடக்க வழியில்லை.

இந்தப் பள்ளம் பறிக்கும் பழக்கத்தால் இரண்டு மாற்றம் செய்ய வேண்டிவந்தது. மணல் மேல் வைத்திருந்த கல் அடி சரிந்து கண்ணாடியில் சாய்ந்தது. எல்லாக் கல்லையும் எடுத்து, கண்ணாடித் தரையில் மெல்லிய ஃபோம் விரித்து, அதன் மேல் கல்லை வைத்து, சுற்றி மணலை நிரவினேன். வலிஸ்நேரியா என்கிற நீர்ச்செடி வேரோடு மிதந்தது. டீக்கடை மண் கப்பில் நட்டு, கப்பைக் கழுத்து வரை புதைத்தேன்; கப்பை அவற்றால் நகர்த்த முடியவில்லை. வெறும் மணலில் சத்து கிடையாது என்பதால் கப்புக்கு ஒரு உர மாத்திரை.

பின்மூலையில் குரோமைடு போகாத இடத்தில் மணல் ஏழு எட்டு சென்டிமீட்டர் சேர்ந்து, கண்ணாடி வழியே பார்த்தால் கறுப்புத் திட்டு தெரிந்தது. மூங்கில் குச்சியால் குத்தினேன், அழுகின முட்டை நாற்றத்தோடு குமிழி வந்தது. காற்று போகாத ஆழத்தில் வருவது அது. மணலை வழித்து முன்னால் தள்ளிவிட்டு, கடைக்காரர் சும்மா கொடுத்த மலேசிய நத்தைகளைப் போட்டேன். பகலெல்லாம் மணலுக்குள் உழுதுகொண்டே இருக்கின்றன. அதன் பிறகு கறுப்பு இல்லை. நத்தைதான் கணக்கில்லாமல் பெருகுகிறது. சைஃபன் போடும்போது குழாயை மணலில் நுழைக்கக்கூடாது, ஒரு அங்குலம் மேலே பிடித்துச் சுழற்றினால் அழுக்கு மட்டும் எழும்பி வரும். தப்பித்தவறி மணல் ஏறினால் குழாயைக் கிள்ளிப் பிடித்தால் போதும்.

செலவைக் கூட்டினால் சிரிப்பு வரும். மணல் இலவசம். கொசுவலை, டி.டி.எஸ். மீட்டர், பி.எச். சொட்டு மருந்து, 500 ரூபாய்க்கு கே.எச். கிட், வினிகர், ஆசிட், இம்பெல்லர், ஸ்பாஞ்சு எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதில் மீட்டரும் கிட்டும் எப்போதும் உதவும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு தொட்டிக்கு இதே மணல் போடுவதாக இருந்தால் பாட்டில் சோதனையை முதலில் வைப்பேன், அதுவும் எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறேனோ அதே தண்ணீரில். வினிகரை நம்பமாட்டேன். முழு மணலையும் ஊரிலேயே தாம்பாளத்தில் அரித்து முடித்துவிடுவேன், கறுப்பு போய்விட்டால் மோட்டாருக்கும் நிம்மதி. உயரம் எங்கேயும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மாடியில் காயப்போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

குஞ்சுகள் இப்போது விரல் நக அளவு வந்துவிட்டன. கொளத்தூரில் குரோமைடு வளர்ப்பவர் ஒருவர், லேசாக உப்பு ஏற்றினால் தோல் நோய் வராமல் நன்றாக வளரும் என்கிறார். அடர்த்தி 1.005 வரை போதுமாம், லிட்டருக்கு ஆறேழு கிராம். கல்லுப்பு வாங்கி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்துக்கும் கொஞ்சமாகக் கூட்டப்போகிறேன். வாளி வாளியாகக் கழுவி வெளியேற்றின உப்பைக் காசு கொடுத்து வாங்கி அளந்து போடுகிறேன் என்று சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. வலிஸ்நேரியா அந்த உப்பைத் தாங்குகிறதா என்று பார்க்க, ஒரு கப்பை மட்டும் ஊறுகாய் பாட்டில் ஒன்றில் தனியாக வைத்திருக்கிறேன்.